தரையில் தங்கம் தேடும் கருவி: சம்பளத்தைக் கொட்டுமுன் ஒரு வார்த்தை

சம்பள நாள் மாலை. எங்கள் தோட்டத்து ஒட்டுக்கடையில் வழக்கத்தைவிடக் கூட்டம் அதிகம். செம்பனைக் குலை வெட்டும் இளைஞர் ஒருவர் தம் கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்திருக்க, அவரைச் சுற்றிப் பத்துப் பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படத்தில் ஒருவர் வறண்ட செம்மண் தரையில் ஒரு கோலை ஆட்டிக்கொண்டே நடக்கிறார். கோல் கத்துகிறது. குனிந்து தோண்டுகிறார். கட்டை விரல் பருமனில் ஒரு தங்கக் கட்டி!

"எட்டாயிரம் வெள்ளிதான் அண்ணே. இந்த மாதிரிக் கருவி ஒண்ணு கொண்டாந்து தரேன்னு ஒருத்தர் சொல்றாரு. அரை மைலுக்கு அப்பால இருக்கிற தங்கத்தையே காட்டுமாம். ஒரு கட்டி கிடைச்சாப் போதும், கடனும் அடையும், பட்டணத்துல வீட்டுக்கு முன்பணமும் கட்டிடலாம்" என்றார் அந்த இளைஞர்.

எட்டாயிரம் வெள்ளி! அவருடைய மனைவி மாதாமாதம் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டிப் போட்ட சீட்டுப் பணம் அது. "வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் தங்கம் தேடும் கருவி என்பது பொய்யல்ல. அதனால் பிழைத்தவர்களும் உண்டு, அதன் பெயரால் பிழைப்பைத் தொலைத்தவர்களும் உண்டு. எது மெய், எது புரட்டு என்று தெரிந்துகொள்ளாமல் எப்படிப் புத்தி சொல்வது?

எனவே அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரையும் அழைத்துக்கொண்டு, பக்கத்துப் பட்டணத்தில் நாற்பது ஆண்டுகளாக வானொலி பழுது பார்த்த ஒரு பெரியவரைத் தேடிப் போனேன். அவரிடம் கேட்டதையும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் வாசகர்களுக்காகத் தொகுத்துத் தருகிறேன்.

மூன்று கட்டிகளின் கதை

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1851-ஆம் ஆண்டு தங்க வேட்டை தொடங்கியது. டனோலி, வெடர்பர்ன், மோலியாகுல் போன்ற சிற்றூர்கள் அடங்கிய பகுதியைத் 'தங்க முக்கோணம்' என்கிறார்கள். அங்கே தங்கம் பொடியாக மட்டுமல்ல, கட்டி கட்டியாகவும் மேல்மண்ணிலேயே கிடந்தது. பாறைகள் நெடுங்காலமாக வெயிலிலும் மழையிலும் தேய்ந்து கரைய, கரையாத தங்கம் மண்ணில் தங்கிவிட்டது.

1869 பிப்ரவரி 5-ஆம் நாள், மோலியாகுலில் ஜான் டீசன், ரிச்சர்ட் ஓட்ஸ் என்ற இருவர் ஒரு மரத்தின் வேர்ப்பக்கத்தில், தரைக்குச் சில சென்டிமீட்டர் அடியில், மாபெரும் கட்டி ஒன்றைக் கண்டார்கள். அதை அப்படியே நிறுக்கத் தராசு இல்லை. பட்டறைக் கல்லில் வைத்து உடைத்துத்தான் நிறுத்தார்கள். சுத்தம் செய்த பிறகும் சுமார் 71 கிலோ தேறியது. 'வெல்கம் ஸ்ட்ரேஞ்சர்' என்பது அதன் பெயர். அதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் தேவைப்படவில்லை.

இரண்டாவது கதை 1980-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கெவின் ஹில்லியர் என்பவர் குடும்பத்தோடு இழுவை வண்டி வீட்டில் வாழ்ந்தபடி, கையடக்கக் கருவி ஒன்றை வைத்துக்கொண்டு தங்கம் தேடிவந்தார். செப்டம்பர் 26-ஆம் நாள் கிங்கோவர் என்ற ஊரருகே கருவி கத்தியது. ஓரடி ஆழத்தில், செங்குத்தாக நின்றபடி, 27 கிலோ எடையுள்ள கட்டி! 'நம்பிக்கையின் கரம்' என்று பெயரிட்டார்கள். அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரத்துச் சூதாட்ட விடுதி ஒன்று அதைப் பத்து லட்சம் டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கியது. கருவியைக் கொண்டு கண்டெடுத்த கட்டிகளில் இதுவே மிகப் பெரியது.

மூன்றாவது அண்மையில் நடந்தது. 2023-ஆம் ஆண்டு அதே தங்க முக்கோணத்தில் ஒருவர் 4.6 கிலோ எடையுள்ள கல்லைக் கண்டெடுத்தார். அதற்குள் 2.6 கிலோ தங்கம் இருந்தது. மதிப்பு 2 லட்சத்து 40 ஆயிரம் ஆஸ்திரேலிய டாலர். அவர் வைத்திருந்ததோ 1,200 டாலர் விலையுள்ள சாதாரணக் கருவிதான். பல மடங்கு விலையுள்ள கருவிகளோடு எத்தனையோ பேர் அதே மாநிலத்தில் ஆண்டுக்கணக்காக அலைந்துகொண்டிருக்கிறார்கள்.

இந்த மூன்று கதைகளிலும் ஒரு பொதுவான உண்மை இருக்கிறது. தங்கம் முதலில் அந்த மண்ணில் இருந்தது. கருவி தங்கத்தை உண்டாக்கவில்லை.

கருவி எப்படிப் பேசுகிறது?

நாங்கள் போய் உட்கார்ந்ததும் பெரியவர் பழைய டிரான்சிஸ்டர் வானொலி ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். அதை மத்திய அலைக்குத் திருப்பி, எந்த நிலையமும் இல்லாத இடத்தில் நிறுத்தினார். பக்கத்தில் மலிவான கணக்கிடும் கருவியை இயக்கி ஒட்டினாற்போல் வைத்து, இரண்டையும் மெல்ல நகர்த்தினார். ஒரு நிலையில் மெல்லிய இரைச்சல் கேட்டது. அப்போது கரண்டி ஒன்றை அருகே கொண்டுபோனார். இரைச்சலின் சுருதி மாறியது!

"பார்த்தீங்களா தம்பி? இதுதான் அடிப்படை. இது சில அங்குலம்தான் கேட்கும். ஆனா தத்துவம் ஒண்ணுதான்" என்றார்.

கருவியின் அடியில் இருக்கும் வட்டத் தட்டுக்குள் செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருக்கிறார்கள். அதைக் 'காயில்' என்போம். அதில் மின்சாரத்தை விநாடிக்குப் பல்லாயிரம் முறை முன்னும் பின்னும் ஓட விட்டால், சுற்றிலும் காந்தப்புலம் எழும்பி அடங்கும். அந்தப் புலத்திற்குள் உலோகம் வந்தால், அந்த உலோகத்திற்குள்ளும் சிறு மின்சுழல்கள் தோன்றும். அந்தச் சுழல்கள் தம் பங்குக்கு ஒரு சிறு காந்தப்புலத்தைத் திருப்பி அனுப்பும். தட்டிலுள்ள இன்னொரு காயில் அதைக் கேட்டு நமக்கு ஒலியாகச் சொல்கிறது.

கவனியுங்கள்: கருவி 'தங்கம்' என்று சொல்வதில்லை. 'ஏதோ உலோகம்' என்றுதான் சொல்கிறது. துருப்பிடித்த ஆணி, மாட்டு லாடம், பால்டின் மூடி, துப்பாக்கி ரவை எல்லாவற்றிற்கும் அது பாடும்.

இந்தக் கருவியின் வரலாற்றிலேயே இதற்கு ஒரு சோகமான சான்று உண்டு. 1881 ஜூலையில் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டு சுடப்பட்டார். உடலுக்குள் தங்கிய குண்டைக் கண்டுபிடிக்க, தொலைபேசி புகழ் அலெக்சாந்தர் கிரகாம் பெல் இத்தகைய கருவி ஒன்றைச் செய்து எடுத்துப் போனார். கருவி எங்கே வைத்தாலும் இரைந்தது. அதிபர் படுத்திருந்த கட்டிலின் மெத்தைக்குள் இருந்த இரும்புச் சுருள்கள்தான் குழப்பின. குண்டு அகப்படவில்லை. செப்டம்பரில் அதிபர் இறந்துபோனார். கருவி பொய் சொல்லவில்லை. சுற்றியுள்ள இரும்பை யாரும் கவனிக்கவில்லை.

பிறகு ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய கெர்ஹார்டு ஃபிஷர் 1937-இல் உலோகம் தேடும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டாம் உலகப் போரில் போலந்து நாட்டு அதிகாரி யோசெஃப் கொசாட்ஸ்கி வடிவமைத்த கண்ணிவெடி தேடும் கருவி, 1942-இல் எல் அலமேன் போரில் பயன்பட்டது. போர் முடிந்ததும் மிஞ்சிய இராணுவக் கருவிகள் பொதுமக்கள் கைக்கு வந்தன. புதையல் தேடும் பொழுதுபோக்கு வளர்ந்தது அப்படித்தான்.

மண்ணே முதல் எதிரி

தங்கம் கிடைக்கும் இடங்களில் மண் பெரும்பாலும் செந்நிறமாக இருக்கும். அந்தச் செம்மைக்குக் காரணம் இரும்புச் சத்து. நம் கண்ணுக்கு மண். கருவியின் காதுக்கு அதுவும் ஒருவகை இரும்பு. தட்டைத் தரைக்கு அருகே கொண்டுபோனாலே மண் கூச்சலிடும். அந்தக் கூச்சலில் சிறு தங்கத்தின் குரல் அமுங்கிப்போகும். சந்தைக் கடையில் குழந்தை அழுவதைப்போல.

அமெரிக்காவின் கடற்கரை மணலில் நாணயம் தேடுவதற்காகச் செய்த கருவிகள் ஆஸ்திரேலியச் செம்மண்ணில் திணறியதற்கு இதுதான் காரணம். தெற்கு ஆஸ்திரேலியாவின் அடிலேய்டில் 1985-இல் தொடங்கிய மைன்லேப் நிறுவனத்தில், புரூஸ் கேண்டி என்ற ஆராய்ச்சியாளர் இதற்கு வேறு வழி கண்டார். 1995-இல் வந்த எஸ்.டி. 2000 என்ற கருவி அதன் பலன். தொடர்ந்து மின்சாரம் ஓட விடாமல், சாட்டையைச் சொடுக்குவதுபோல் ஒரு துடிப்பை அனுப்பி, சட்டென்று நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்பது இதன் முறை. நீண்ட துடிப்பு, குறுகிய துடிப்பு என்று மாற்றி மாற்றி அனுப்பி, இரண்டிலும் வரும் மண்ணின் எதிரொலியை ஒன்றோடொன்று கழித்துவிடும். மிஞ்சுவது உலோகத்தின் குரல். 'ஏற்கெனவே தேடி முடித்தாயிற்று' என்று கைவிட்ட இடங்களில் மறுபடியும் கட்டிகள் கிடைத்தன.

சுருதி சேர்க்கும் முறை

நம் கோயில் திருவிழாவில் நாதஸ்வரக்காரர் வாசிக்கும்போது பக்கத்தில் ஒருவர் 'ஒத்து' ஊதிக்கொண்டிருப்பார் அல்லவா? இடைவிடாமல் ஒரே சுருதி. கருவியிலும் அப்படி ஓர் ஒத்து உண்டு. கொசு பாடுவதைப்போல் மெல்லியதாக, காதில் விழுந்தும் விழாமலும் இருக்கும்படி அதை முதலில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆழத்திலுள்ள தங்கம் பெரிதாகக் கத்தாது. அந்த ஒத்தை லேசாக அசைக்கும், அவ்வளவுதான். எனவே காதுப்பொறி போட்டுக் கேட்பது அவசியம்.

அடுத்தது மண்ணுக்குச் சமன் செய்தல். உலோகம் இல்லாத ஓரிடத்தில் நின்று, தட்டை ஓரடி உயரத்திலிருந்து தரையை ஒட்டும்வரை மெதுவாக இறக்கி ஏற்ற வேண்டும். இறக்கும்போது ஒத்தின் ஒலி கூடினால் சமன் குமிழை ஒரு பக்கம் சற்றுத் திருப்புங்கள். குறைந்தால் மறுபக்கம் திருப்புங்கள். ஏற்றினாலும் இறக்கினாலும் ஒலி மாறாத நிலை வந்துவிட்டால் மண் அடங்கிவிட்டது என்று பொருள். மண்ணின் நிறம் மாறும் இடத்திலெல்லாம் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். தானாகவே சமன் செய்துகொள்ளும் கருவிகளும் இப்போது உண்டு. ஆயினும் இந்தச் சோதனையைச் செய்து பார்ப்பதில் நட்டமில்லை.

மூன்றாவது உணர்திறன். புதிதாக வாங்கியவர்கள் எல்லாரும் செய்யும் தவறு, இந்தக் குமிழைக் கடைசிவரை திருப்பிவிடுவது. வானொலியை முழு ஒலியில் வைத்தால் பாட்டு தெளிவாகக் கேட்குமா? கரகரப்புதான் கேட்கும். இரும்பு மிகுந்த மண்ணில் உணர்திறனைச் சற்றே குறைத்தால் இரைச்சல் அடங்கி, சிறு குரல் மேலே வரும்.

நான்காவது, பிரித்தறியும் குமிழ். குப்பை உலோகத்தை ஒதுக்கித் தள்ளும் வசதி இது. ஆனால் தங்கம் தேடுகிறவர்கள் இதைப் பெரும்பாலும் பயன்படுத்துவதில்லை. காரணம் என்ன தெரியுமா? சிறு தங்கத் துணுக்கும் கசங்கிய அலுமினியத் தாளும் கருவியின் காதில் ஏறக்குறைய ஒரே குரலில் பேசும். குப்பையை ஒதுக்கினால் தங்கமும் சேர்ந்து போய்விடும். 'கத்தினால் தோண்டு' என்பதே அங்கே சட்டம். நூறு முறை குனிந்தால் தொண்ணூற்றொன்பது முறை ஈயமும் ஆணியும்தான்.

கருவியைச் சோதிக்க வீட்டு அம்மாளின் தோட்டைக் கழற்றி மண்ணில் புதைக்க வேண்டாம்! தூண்டிலில் கட்டும் சிறு ஈயக்குண்டு போதும். ஈயத்தின் குரல் தங்கத்தின் குரலுக்கு மிக அருகில் வரும். அதை இரண்டு அங்குலம், நான்கு அங்குலம், ஆறு அங்குலம் என்று வெவ்வேறு ஆழத்தில் புதைத்து, தட்டைத் தரையோடு ஒட்டி மெதுவாக வீசிக் கேட்டுப் பழகலாம். ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின்மேல் பாதியளவு படிய வேண்டும். அவசரக்காரருக்கு இந்த வேலை உதவாது.

எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது?

கை வேலை தெரிந்தவர்களுக்குக் கருவியைத் திறந்து பார்க்காமல் தூக்கம் வராது. ஆஸ்திரேலியாவில் தங்கக் கருவிகளை மாற்றியமைத்துக் கொடுப்பதையே தொழிலாக வைத்திருந்தவர்கள் உண்டு. பெரியவர் இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பழைய பட்டறைக் களை வந்துவிட்டது.

காசு செலவில்லாத மாற்றங்களே முதலில் பலன் தரும். காயிலிலிருந்து வரும் ஒயர் தொளதொளவென்று ஆடினால் கருவி வீணாகக் கத்தும். அதைத் தண்டோடு இறுகச் சுற்றி நாடா போட்டுக் கட்ட வேண்டும். தட்டின் அடியிலுள்ள பிளாஸ்டிக் மூடிக்குள் மணல் புகுந்தால், அந்த மணலில் உள்ள இரும்பே இரைச்சலை எழுப்பும். அவ்வப்போது கழற்றித் துடைக்க வேண்டும். தட்டைப் பிணைக்கும் திருகு பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். முனையில் இரும்புத் தகடு வைத்த காலணி, இடுப்புக் கத்தி, சாவிக் கொத்து எல்லாம் கருவிக்குப் பகை. நாம் வெளிக்காட்டுக்குப் போட்டுப்போகும் ரப்பர் பூட்ஸ், இரும்பு முனை இல்லாததாக இருந்தால், இதற்கு மிகப் பொருத்தம். தோண்டிய மண்ணை அள்ளிச் சோதிக்கப் பிளாஸ்டிக் அகப்பை ஒன்று போதும். மண்ணைப் பாதி பாதியாகப் பிரித்து, கத்தும் பாதியை மட்டும் வைத்துக்கொண்டே போனால் கடைசியில் பொருள் கையில் நிற்கும்.

அடுத்தது காயிலை மாற்றுவது. பெரிய தட்டு ஆழத்திலுள்ள பெரிய கட்டியைக் கேட்கும். ஆனால் அரிசி அளவுத் துணுக்கைத் தவறவிடும். சிறிய தட்டு நேர்மாறானது. புதர் நடுவிலும் பாறை இடுக்கிலும் அதுவே நுழையும். அதிர்வெண்ணும் இப்படித்தான். விநாடிக்கு 71 ஆயிரம் அதிர்வுகளில் வேலை செய்யும் 'கோல்டு பக் 2' போன்ற கருவி ஊசித்தலை அளவுத் தங்கத்தையும் சொல்லும். ஆனால் ஆழமும் போகாது, மண்ணின் கூச்சலையும் நன்றாகவே கேட்கும். எல்லாவற்றுக்கும் ஏற்ற ஒரே கருவி கிடையாது.

மின்கலத்தையும் மாற்றினார்கள். பழைய துடிப்புக் கருவிகளில் முதுகில் சுமக்கும் கனமான 6 வோல்ட் ஈய மின்கலம் இருந்தது. அதற்குப் பதில் எடை குறைந்த லித்தியம் மின்கலத்தையும், அதோடு மின்னழுத்தத்தை ஒரே அளவில் நிறுத்தும் சிறு சுற்றையும் பொருத்தினார்கள். தோள்வலி குறைந்தது, மாலைவரை குரலும் தளரவில்லை. ஆனால் எச்சரிக்கை! அழுத்தம் மிகுந்தாலோ நேர்முனையும் எதிர்முனையும் மாறினாலோ ஒரே நொடியில் உள்ளிருக்கும் பலகை கருகிவிடும்.

மிக நுட்பமான மாற்றம் ஒன்று உண்டு. துடிப்புக் கருவி மின்சாரத்தை நிறுத்திய பிறகு, சுமார் 10 மைக்ரோவிநாடி பொறுத்துத்தான் கேட்கத் தொடங்கும். ஒரு மைக்ரோவிநாடி என்பது விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. உடனே கேட்டால் என்ன என்று தோன்றும். மணியை அடித்து நிறுத்தினாலும் ரீங்காரம் சற்று நேரம் இருக்கும் அல்லவா? அதுபோல் காயிலின் சொந்த ரீங்காரம் அடங்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், பெரிய கட்டியின் குரல் நெடுநேரம் நிற்கும். சிறு துணுக்கின் குரலோ சில மைக்ரோவிநாடியில் மறைந்துவிடும். கருவி காது கொடுப்பதற்குள் அது பேசி முடித்திருக்கும்.

எனவே மாற்றுகிறவர்கள் இந்தக் காத்திருப்பு நேரத்தைக் குறைக்கப் பார்ப்பார்கள். அதற்குக் காயிலின் ரீங்காரம் விரைவில் அடங்க வேண்டும். மெல்லிய இழைகளாலான கம்பி, நல்ல மேலுறை, சுற்றுகளுக்கிடையே சிறிது இடைவெளி, ரீங்காரத்தை அடக்கச் சரியான அளவுத் தடை என்று ஒவ்வொன்றையும் பார்த்துச் செய்ய வேண்டும். தடையின் அளவு ஒருபக்கம் தவறினால் ரீங்காரம் நீளும். மறுபக்கம் தவறினால் குரலே மந்தமாகும். அப்படிச் சரியாகச் செய்தாலும் உப்பு மண்ணின் இரைச்சல் கூடவே வந்து சேரும். ஒன்றைப் பெற ஒன்றை இழக்க வேண்டும்.

"அளவு பார்க்கும் அலைகாட்டி இல்லாம இதைத் தொடக்கூடாது தம்பி. கண்ணை மூடிக்கிட்டு ஊசி கோக்கிற மாதிரி" என்றார் பெரியவர். "அப்புறம் இன்னொண்ணு. என்ன மாத்தினாலும் அங்குலக் கணக்குதான் கூடும். மைல் கணக்கு வராது."

அந்தக் கடைசி வார்த்தையில் இளைஞரின் முகம் சற்று வாடியது.

எங்கே பாடும், எங்கே பாடாது?

நம் நாட்டில் தங்கம் இல்லையா என்று கேட்கலாம். ஏன் இல்லை? பகாங் மாநிலத்து ரவூப் ஊரின் பெயரே 'கையால் அள்ளுதல்' என்ற பொருளில் வந்தது என்பார்கள். 1889-இல் வில்லியம் பிப்பி என்ற ஆஸ்திரேலியர் அங்கே சுரங்கத் தொழிலைத் தொடங்கினார். ஆனால் பாறைக்குள் பொடிப்பொடியாகக் கலந்திருக்கும் தங்கத்திற்கு இந்தக் கருவி பாடாது. ஆற்று மணலில் தூசியாகக் கிடக்கும் தங்கத்திற்கும் பாடாது. அங்கே நம் பெண்மணிகளும் நன்கறிந்த மரத் தட்டாகிய டூலாங்கே சிறந்த கருவி. தங்கத்தின் கனம் மணலை வெளியே தள்ளிவிட்டுத் தான் அடியில் தங்கிவிடும்.

தமிழ்த் தொழிலாளர்கள் ஏராளமாகப் பாடுபட்ட கோலார் தங்க வயலை நினைத்துப் பாருங்கள். மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்திற்கு இறங்கி, டன் கணக்கில் பாறையை உடைத்து, அதிலிருந்து சில கிராம் எடுத்தார்கள். 2001-இல் அந்தச் சுரங்கமும் மூடப்பட்டது. அவ்வளவு தங்கம் இருந்த பாறையின்மேல் நின்று கருவியை ஆட்டினாலும் அது வாய் திறந்திருக்காது.

சட்டமும் இருக்கிறது. விக்டோரியாவில் 1854-ஆம் ஆண்டு மாதம் 30 ஷில்லிங் உரிமக் கட்டணத்தை எதிர்த்துப் பல்லாரட்டில் சுரங்கத் தொழிலாளர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். உயிர்கள் போயின. அதன் பலனாக மறு ஆண்டில், ஆண்டுக்கு ஒரு பவுன் கட்டினால் போதும் என்ற 'சுரங்கக்காரர் உரிமை' வந்தது. இன்றும் அங்கே தங்கம் தேடுகிறவர் அந்தச் சீட்டை வைத்திருக்க வேண்டும். நம் நாட்டிலோ நிலத்தடிக் கனிமம் மாநில அரசைச் சேர்ந்தது. அனுமதியின்றித் தோட்டத்து நிலத்தையோ ஆற்றங்கரையையோ தோண்டினால் வேலைக்கே ஆபத்து. பழைய நாணயமோ நகையோ கிடைத்தால் அதையும் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. சப்பான்காரன் காலத்துப் போர்க் குண்டுகள் இன்றும் நம் மண்ணில் அகப்படுகின்றன. கருவிக்குத் தங்கமும் ஒன்றுதான், வெடிகுண்டும் ஒன்றுதான். மண்ணுக்குள் உருண்டையாகவோ நீளமாகவோ துருப்பிடித்த இரும்பு தெரிந்தால் தட்டிப் பார்க்காமல், நகர்த்தாமல், பிள்ளைகளை விலக்கிக் காவல் நிலையத்திற்குச் சொல்ல வேண்டும்.

ஐந்து சிரட்டைச் சோதனை

அப்படியானால் அரை மைல் தூரத்துத் தங்கத்தைக் காட்டும் அந்த எட்டாயிரம் வெள்ளிக் கருவி?

பெரியவர் சிரித்துவிட்டு ஒரு செய்தி சொன்னார். பக்கத்து நாடாகிய தாய்லாந்தில் ஜி.டி. 200 என்ற கருவியை இராணுவத்தினரே ஏராளமான பணம் கொடுத்து வாங்கினார்கள். கைப்பிடியில் ஆடும் அன்டெனா ஒன்று. வெடிமருந்து இருக்கும் பக்கம் தானே திரும்புமாம். 2010-இல் அதை முறையாகச் சோதித்தார்கள். 20 தடவையில் 4 தடவைதான் சரியாகச் சொன்னது. கண்ணைக் கட்டிக்கொண்டு சொன்னாலும் அவ்வளவு தேறும்! 2013-இல் அதை விற்றவருக்கு இங்கிலாந்தில் ஏழாண்டுச் சிறை கிடைத்தது. அதே ஆண்டில், ஏ.டி.இ. 651 என்ற இதேபோன்ற கருவியை ஈராக்குக்கு விற்ற இன்னொருவருக்குப் பத்தாண்டு. அதற்கு மூலமாக இருந்தது, கோல்ஃப் பந்து தேடலாம் என்று சொல்லி விற்ற ஒரு விளையாட்டுப் பொருள். அதை நம்பி எத்தனை உயிர்கள் போயினவோ!

"அன்டெனா ஏன் திரும்புது தெரியுமா? பிடிச்சிருக்கிற கை தன்னை அறியாம சாயுது. ஆசை இருக்கிற பக்கம் கையும் சாயும்" என்றார்.

பிறகு அவர் சொல்லிக் கொடுத்த சோதனை இது. ஐந்து தேங்காய்ச் சிரட்டைகளைக் கவிழ்த்து வையுங்கள். விற்பவர் வெளியே நிற்கட்டும். வீட்டில் ஒருவர் மோதிரத்தை ஏதாவது ஒரு சிரட்டையின் கீழ் வைத்துவிட்டு, அவரும் வேறு அறைக்குப் போய்விட வேண்டும். இடம் தெரிந்தவர் பக்கத்தில் நிற்கவே கூடாது. அவர் முகமே காட்டிக் கொடுத்துவிடும். இப்போது விற்பவர் வந்து கண்டுபிடிக்கட்டும். இதைப் பத்துத் தடவை செய்யுங்கள். குருட்டாம்போக்கில் சொன்னால் சுமார் இரண்டு தடவை சரியாக வரும். உண்மையான கருவியானால் பத்தும் சரியாக வரும்.

அடுத்த வாரம் அந்த விற்பனையாளர் தோட்டத்திற்கு வந்தார். லயத்து வாசலில் சிரட்டைகள் தயாராக இருந்தன. மோதிரத்தை வைத்தது அந்த இளைஞரின் மனைவி. தம் சீட்டுப் பணம் எங்கே போகிறது என்று பார்க்கும் உரிமை அந்த அம்மாளுக்கு இல்லாமல் வேறு யாருக்கு? பத்துத் தடவையில் அந்த மந்திரக்கோல் ஒரு தடவைதான் சரியாகச் சாய்ந்தது. "இன்று காற்றில் ஈரம் அதிகம்" என்றார் விற்பனையாளர். "அப்படின்னா வெயில் அடிக்கிற அன்னிக்கு வாங்கய்யா, அப்பவும் சிரட்டை இங்கேதான் இருக்கும்" என்றார் அந்த அம்மாள். அவர் திரும்பி வரவில்லை.

இளைஞருக்கு ஆசை முழுவதும் விட்டுப்போகவில்லை. பெரியவரின் பட்டறையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் போய் உட்கார்ந்து, கம்பி சுற்றவும் பற்றவைக்கவும் பழகி வருகிறார். அவர் கையால் செய்த முதல் கருவி, ஆறு அங்குல ஆழத்தில் புதைத்த ஒரு பால்டினைக் கண்டுபிடித்திருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகள் கைதட்டினார்கள். போன வாரம் ஒரு வீட்டில் கெட்டுப்போன வானொலியையும் சரிசெய்து கொடுத்து, கூலியாகப் பதினைந்து வெள்ளி வாங்கினார்.

சீட்டுப் பணம் எட்டாயிரமும் அந்த அம்மாள் பெயரில் வங்கியில் பத்திரமாக இருக்கிறது. பதினைந்து வெள்ளியை மட்டும் அவர் செலவழிக்க விடவில்லையாம். புதுத் தொழிலின் முதல் வரும்படி என்று சாமிப் படத்தின்முன் வைத்திருக்கிறாராம்.